குள்ளனின் இறக்கை

என் கணவரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யாருடைய கழுத்தை அறுத்தாலும் குரலை மட்டும் உயர்த்த மாட்டார்.

நான் குள்ளனை ஓட்டியவள். நிலாவின் மறுபக்கத்தில், பூமி எந்நாளும் கண்ணில் படாத ஒரு பள்ளத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ஆறு சக்கர வண்டி அது. கோப்புகளில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. என் இடுப்புயரம்தான் என்பதால் எங்களுக்குக் குள்ளன். அவன் பேச்சு நேராக இங்கே வராது, குறுக்கே நிலா நிற்கிறதே. மேலே சுற்றும் ஒரு துணைக்கோள்தான் அதை வாங்கி எங்களுக்கு அனுப்பும். அது காது கொடுக்காவிட்டால் குள்ளன் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

நிலாவில் ஓர் இரவு என்பது நமக்கு இரண்டு வாரம். இருட்டுவதற்கு முன் குள்ளன் தன் சூரியப் பலகையை உடம்பின்மேல் மடித்துப் போர்த்திக்கொள்வான். மறுபடி வெயில் பட்டுச் சூடேறினால் தானே விழித்து, பலகையை விரித்து, எங்களைக் கூப்பிடுவான். அந்தக் குரல் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. "உன் மூத்த பிள்ளை எந்திரிச்சு இறக்கையை விரிச்சுட்டானா?" என்று மாமியார் கேலி செய்வார். கேலிதான், ஆனால் வீட்டில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்.

பள்ளத்தின் அடியில் ஒரு கறுப்புப் பாறை. நிலாவின் ஆழத்திலிருந்து வெளியே வந்து விழுந்தது. அதைத் தொட்டுப் பார்க்கத்தான் குள்ளனை அனுப்பினோம். கை நீட்டினால் எட்டிவிடும் என்ற இடத்தில் இருட்டிவிட்டது. விடிந்ததும் தொட்டுவிடலாம் என்று நிறுத்தினேன்.

அந்த இரவு முடிவதற்குள் எங்கள் விண்வெளி மையத்தில் கூட்டம் போட்டார்கள். அதே பாறைக்குப் போக இன்னொரு வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் தங்கத்தாள், ஆகவே புதுமாப்பிள்ளை என்போம். அந்தத் திட்டத்தின் தலைவர் என் கணவர். துணைக்கோள் குள்ளனைக் கேட்கும் அலைவரிசையை அழித்துவிட்டு, அந்த இடத்தைப் புதுமாப்பிள்ளைக்கு இப்போதே கொடுங்கள் என்றார். அப்படியானால் குள்ளன் கதி என்ன என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலிடம் பதில் சொன்னார்.

"அது இந்த ராத்திரியத் தாண்டாதுங்க. பேட்டரி போயிடுச்சு. இனிமே எந்திரிக்காது."

பேட்டரி நிலவரத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தவள் நான். நன்றாக இருந்தது. ஒரே ஒரு காலை பொறுங்கள் என்று மன்றாடினேன், மேசையைத் தட்டிச் சண்டையும் போட்டேன். புருஷன் பெண்டாட்டி விவகாரத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார் இயக்குநர். எல்லாரும் சிரித்தார்கள். விடிவதற்கு முன்பே குள்ளனின் அலைவரிசையை அழித்துவிட்டார்கள். அவன் ஓய்ந்துவிட்டான் என்ற இரங்கல் குறிப்பை என் கணவரே எழுதினார். நன்றாக இருக்கிறதா என்று என்னிடமே காட்டினார் அந்த மனிதர்.

சில மாதங்களில் புதுமாப்பிள்ளை இறங்கினான். நான் அங்குலம் அங்குலமாகக் கண்டுபிடித்த வழியிலேயே, அந்தப் பள்ளத்துக்குள் ஜம்மென்று போனான். முதல் படத்தைக் காட்ட அரங்கில் விழா. என்னைத் தலைவரின் மனைவி என்று முன்வரிசையில், மாமியார் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

திரையில் கறுப்புப் பாறை வந்தது. கைதட்டல் அடங்கியதும் என் கணவர் உருக்கமாகச் சொன்னார்.

"பக்கத்துல பாருங்க, நம்ம பழைய வண்டி. பாவம், அன்னிக்கு ராத்திரியே உயிரை விட்டுடுச்சு."

பார்த்தேன். நான் நிறுத்திய இடத்திலேயே, பாறையைப் பார்த்தபடி நின்றிருந்தான் குள்ளன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பலகை விரிந்திருந்தது.

மாமியாருக்கு மெல்லப் பேசத் தெரியாது.

"ஏம்மா, இறக்கையை விரிச்சிருக்கானே. எந்திரிச்சுட்டானா?"

மேடையில் என் கணவரும் திரையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

"ஆமா அத்தை," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒவ்வொரு காலையும் எந்திரிச்சுக் கூப்பிட்டிருக்கான். உங்க பிள்ளைதான் யாரையும் கேக்க விடல."

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். படம் ஓட்டுகிறவர் பக்கம் திரும்பினார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"அடுத்த படத்தைப் போடுங்க."