பழுது இல்லை

சார்ஜர் விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பவே மாட்டேன். அறுபத்தைந்து வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். மீட்டரில் மாட்டினால் பதினெட்டு நிமிஷம் அறுபத்தைந்தே காட்டும். பிறகு சூடேறி, மூச்சு வாங்கி, நாற்பத்திரண்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாண வீட்டில் வாசலில் நின்று வரவேற்றுவிட்டு, பாத்திரம் தூக்கும் நேரத்தில் காணாமல் போகிற சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு. அதனால் இதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பாடப்புத்தகம் அச்சிடும் ஒரு நிறுவனத்தில் கணினிப் பராமரிப்பு என் வேலை. அறை கட்டடத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். ஜன்னல் கிடையாது. முன்பெல்லாம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். இப்போது எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருவன் திரை வழியாகவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறான். சார்ஜரை மட்டும் அப்படிச் சரிசெய்ய முடியாது. கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கித்தான் வரவேண்டும். அதனால் மேலே எல்லோருக்கும் நான் 'சார்ஜர் அக்கா'. யாரும் வராத நாளில் மீட்டரோடு பேசிக்கொண்டிருப்பேன். வீட்டிலும் நான் ஒருத்திதான். அங்கே பேச மீட்டர்கூட இல்லை.

போன திங்கட்கிழமை கொள்முதல் அதிகாரி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், எப்போதும் ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்கும்.

"அக்கா, பழைய சார்ஜர் எல்லாத்தையும் மாத்தப் போறோம். மொத்தம் எரநூத்தி நாப்பது. இது பத்து சாம்பிள். வெல மூணுல ஒரு பங்குதான். எல்லாம் ஒரே டைப்-சி தானே? நீங்க வாங்கலாம்னு ஒரு வரி எழுதிட்டா ஆர்டர் போட்டுடுவேன்."

"எழுதறதுக்கு முன்னாடி பாக்க வேணாமா?"

"பாருங்க, பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பாருங்க" என்று சொல்லும்போதே அவர் பாதிப் படி ஏறிவிட்டார்.

பார்த்தேன். நான் முதலில் எடை பார்ப்பேன். ஒரே பெட்டி, ஒரே முத்திரை, ஆனால் நான்கு கனமாக இருந்தன, ஆறு லேசாக இருந்தன. உள்ளே வைக்கவேண்டியதை வைக்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொன்றையும் இரண்டு மணி நேரம் லேப்டாப்பில் மாட்டி, முழு வேலை கொடுத்து, புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். கனமான நான்கும் கடைசிவரை தாக்குப்பிடித்தன. லேசானவற்றில் ஒன்று தீய்ந்த வாடையோடு அணைந்தது. மற்ற ஐந்தும் அந்தப் பதினெட்டு நிமிஷக் கூட்டம்.

ஆபத்து என்று அடித்துச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. டைப் அடிக்கிறவர்களுக்கு நாற்பத்திரண்டு வாட் தாராளம். படம் வரைகிற பிரிவில்தான் சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பேட்டரி இறங்கும். இன்னொரு விஷயம், முனை. ஏழெட்டு மாதத்தில் அது தளர்ந்துவிடும். அசைத்துப் பிடித்தால் ஏறும், விட்டால் நின்றுவிடும். மொத்தத்தில் வாங்கலாம் என்றும் எழுதலாம், வேண்டாம் என்றும் எழுதலாம். இரண்டுக்கும் என்னிடம் நியாயம் இருந்தது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இருநூற்று நாற்பது சார்ஜர். எல்லாம் ஏழெட்டு மாதத்தில் தளரும். ஒரு நாளைக்கு இரண்டு பேராவது படி இறங்கி வருவார்கள். சோதித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பார்கள். வெளியே மழையா என்று கேட்கலாம். நல்ல சார்ஜர் வாங்கினால் ஐந்து வருஷத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பென்சிலை எடுத்து 'வாங்கலாம்' என்று எழுதினேன்.

வெறும் சொல் போதாது, ஓர் ஆதாரம் வேண்டும் என்று பழுதுப் பதிவேட்டைத் திறந்தேன். பழைய சார்ஜர்கள் எத்தனை தடவை வந்தன என்று விரலை வைத்துக்கொண்டே போனேன். ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. நான்காம் மாடி, மெய்ப்புத் திருத்துநர். புகார்: சார்ஜ் ஏறவில்லை. எதிரே என் கையெழுத்தில்: பழுது இல்லை. அடுத்த மாதமும் அப்படித்தான், அதற்கடுத்த மாதமும். மொத்தம் பதினோரு தடவை.

அவரை எல்லோரும் 'காற்புள்ளி சார்' என்பார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். லிஃப்டில் ஒட்டியிருக்கிற அறிவிப்பில்கூடப் பென்சிலால் திருத்துகிறவர். முதல் தடவை என் அறைக்கு வந்தபோது, கதவில் நான் ஒட்டியிருந்த 'சார்ஜரை எடுக்க கூடாது' என்ற காகிதத்தில் ஒரு 'க்' போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"எடுக்கக் கூடாது. க் வரணும்மா."

"க் போட்டா எடுக்காம இருப்பாங்களா சார்?"

"எடுப்பாங்க. ஆனா தப்பில்லாம எடுப்பாங்க."

நான் சிரித்தேன். அந்த அறையில் நான் சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வருவார். நான் சோதிப்பேன், அவர் என் சீட்டுகளில் எங்கே ஒற்று விட்டிருக்கிறேன் என்று தேடுவார். சார்ஜர் ஒவ்வொரு தடவையும் அறுபத்தைந்து காட்டும்.

பதினோராவது தடவை வந்த அன்று ஜெனரேட்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. தலை வெடிக்கிற மாதிரி இருந்தது. சார்ஜரை அவர் கையில் திணித்து, "நல்லாத்தான் சார் இருக்கு. சும்மா சும்மா எடுத்துட்டு வராதீங்க. எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

வேறு வேலை எனக்கு இருக்கவில்லை. அன்று அவர் ஒருவர்தான் வந்திருந்தார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து மாதம் ஆகிறது. அப்புறம் வரவில்லை. நானும், தொல்லை விட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

பதிவேட்டில் அந்தப் பதினோரு வரிகளையும் மறுபடி படித்தேன். பதினோரு தடவையும் நான் சார்ஜரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆள் வரவேண்டும் என்பதற்காக இருநூற்று நாற்பது பேர் தலையில் மட்டமான சார்ஜரைக் கட்டத் துணிந்தவள் நான். அந்த மனுஷர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. நல்ல சார்ஜரைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு மாடி இறங்கி வந்தார், அவ்வளவுதான். அவரைத்தான் நான் விரட்டியிருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். அந்த அறையில் ஒரு வசதி, யாரும் பார்க்க மாட்டார்கள்.

பென்சிலில் எழுதியதை அழித்தேன். புதுத் தாளில் பேனாவால் எழுதினேன்: ஒரே பெட்டியில் இரண்டு எடை இருப்பதால் பத்தை வைத்து மற்றதைத் தீர்மானிக்க முடியாது. ஒன்று தீய்ந்தது. ஐந்து சொன்ன அளவு கொடுக்கவில்லை. முனை தளரும். கடைசி வரியில் கொஞ்சம் நிறுத்தி, யோசித்து எழுதினேன்: 'இவற்றை வாங்க கூடாது.'

தாளை எடுத்துக்கொண்டு படி ஏறினேன். லிஃப்டில் போகத் தோன்றவில்லை. அவர் இறங்கிவந்த படிகள் எத்தனை என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

காற்புள்ளி சார் ஓரத்து மேஜையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் அவருடைய பை இருந்தது.

"என்னம்மா, சார்ஜர் ஏதாவது திருப்பித் தரணுமா?"

"இல்ல சார். இதக் கொஞ்சம் பாத்துக் குடுக்கணும்."

அவர் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை பென்சில் நுனியை நகர்த்திக்கொண்டே போனார். முதல் வரிகளில் எங்கும் நிற்கவில்லை. கடைசி வரியில் நின்றது.

"வாங்கக் கூடாது. இங்க ஒரு க் வரணும். ஒங்க கதவுலயே எழுதிக் குடுத்தேனேம்மா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா ஏன் விட்டீங்க?"

"விட்டாத்தானே சார் இத எடுத்துக்கிட்டு இங்க வர முடியும்?"

பென்சில் தாளின் மேலேயே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த 'வாங்க'வையே பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் சிவந்தது.

"அன்னைக்கி நான் பேசினது தப்பு சார்" என்றேன். "அடுத்த மாசம் நல்ல சார்ஜர் வந்துடும். அப்புறம் கீழ யாரும் வரமாட்டாங்க. இன்னைக்கி வேலைன்னு ஒண்ணும் இல்ல. சும்மாதான் வந்தேன்."

அவர் அந்த 'க்'கை நிதானமாக, புள்ளி வைத்து, அழகாக எழுதினார். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார்.