பாதிப் பெயர்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டத்தில், ஊரே கூடியிருந்த கொட்டகையில், டெல்ஃபினா தன் குரலைக் கேட்டாள். திரையில் வெளிநாட்டு நடிகை கோட்டையின் சுழல்படியில் நின்று, எதிரே வந்த பேயைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அந்த வாயிலிருந்து வந்தது டெல்ஃபினாவின் அலறல். அவளைப் போன்ற குரல் அல்ல, அவளுடையதேதான். முன்வரிசையில் யாரோ சுகமாகக் கூவினார்கள். பக்கத்தில் இருந்த ரொட்டிக்கடைக்காரி பயமும் சிரிப்புமாக அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். டெல்ஃபினா கையை உருவிக்கொண்டு எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்தபடியே வெளியேறினாள்.

அவள் பேய் பார்க்கப் போனவள் அல்ல. போன இலையுதிர் காலத்தில் ரோமிலிருந்து வந்த சினிமாக் கம்பெனி மலைமேல் இருந்த கோட்டையைப் பன்னிரண்டு நாள் வாடகைக்கு எடுத்தபோது, ஊரில் பாதிப் பேருக்கு அங்கே வேலை கிடைத்தது. அவள் கணவன் குவிரீனோ விளக்குக்காரர்களோடு சேர்ந்தான். பட்டப்பகலில் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, அந்த இருட்டுக்குள் அவன் ஒரு நிலாவை உண்டாக்கினான். அதைத் திரையில் பார்க்கத்தான் போனாள். அவளுக்கு அங்கே துவைக்கிற வேலை. நடிகைக்கு ஒரே மாதிரி மூன்று இரவு அங்கிகள் இருந்தன. இரத்தத்துக்குப் பதில் சாக்லேட் பாகை ஊற்றிப் படம் பிடிப்பார்கள். ஒன்றை நடிகை உடுத்தியிருக்கும்போது மற்ற இரண்டையும் டெல்ஃபினா கிணற்றடியில் கசக்கிக்கொண்டிருப்பாள்.

விளக்கு கட்டுகிற கோட்டைக் கோபுரத்து உத்தரம் உளுத்துப்போயிருக்கிறது, விளக்கைத் தாங்கும், ஆளைத் தாங்காது என்று குவிரீனோ கம்பெனிக்காரர்களிடம் இரண்டு முறை சொன்னான். முதல் முறை சொன்னபோது, முந்நூறு வருஷம் நின்றது இன்னும் பத்து நாள் நிற்காதா என்று சிரித்தார்கள். இரண்டாம் முறை, பயமாக இருந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு உத்தரம் முறிந்தது. ஈர அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நின்றிருந்த டெல்ஃபினா, அவன் விழுவதைப் பார்த்தாள். அவன் பெயரைக் கூப்பிட்டாள். 'குவி' என்று பாதிதான் வந்தது. மிச்சம் பெயராக வரவில்லை. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று கம்பெனி எழுதிக்கொடுத்த தாளில் அங்கே வேலை செய்த ஊர்க்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் மதியம் மறுபடி படப்பிடிப்பு நடந்தது.

கொட்டகையில் தன் குரலைக் கேட்ட மறுநாள், திங்கட்கிழமை, அதிகாலைப் பேருந்தைப் பிடித்து அவள் ரோமுக்குப் போனாள். தயாரிப்பாளர் பல்சமெல்லி அவளை ஒன்றரை மணி நேரம் காக்கவைத்தார். வெளியறைச் சுவரில் படத்தின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் இருந்தவை எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். இயக்குநர் பக்கத்து ஊர்ச் செருப்புக்கடைக்காரர் மகன்தான். அவருக்கும் பிரபு வம்சத்துப் பெயர் ஒன்று சூட்டியிருந்தார்கள். நம் நாட்டுப் பேய்க்கு யாரும் பயப்படமாட்டார்களாம். பெயரை மாற்றிக்கொள்ள இவர்களுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

பல்சமெல்லிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. படத்தைப் பற்றிப் பேச வந்தவள் என்றதும் அவராகவே உற்சாகமாகிவிட்டார். குரல் கொடுக்க வந்த பெண் பதினோரு தடவை கத்தியும் சரிவரவில்லை, கடைசியில் படப்பிடிப்பின்போது பதிந்த ஒலிநாடாக்களைக் கிளறியபோது ஒலிப்பதிவுக்காரருக்கு இது அகப்பட்டது, கேட்டவுடன் எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது என்றார். எந்த நாள் நாடா என்று அவள் கேட்டாள். அவர் யோசித்தார். அவள் தன் பெயரைச் சொன்னதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத பாரும்மா, அது ஒரு சத்தம். அவ்வளவுதான். உன் பேரு இல்ல, முகம் இல்ல. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"அதுல என் புருஷன் பேரு இருக்கு."

"பேரா? 'குவி'ன்னுதானே கேக்குது? நம்ம இத்தாலியப் பேச்சுல 'இங்க'ன்னு அர்த்தம். பேய் வருது, 'இங்க'ங்கிறா அந்தப் பொண்ணு. அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்திடுச்சு."

 இந்த மனிதர் தன்னை ஏமாற்றவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார் என்பது அவளுக்குப் புரிந்தபோது கோபம் இன்னும் ஏறியது. பொய் சொன்னால்கூட முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்லலாம்.

"அவரு செத்தது உங்களுக்குக் கவனக்குறைவு. நான் கத்துனது மட்டும் பொருந்திடுச்சா?"

படத்தின் பிரதிகள் நாடு முழுக்கப் போய்விட்டன, இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். திரும்பும் பேருந்தில் அவள் ஊர்ப்பெயர்களை எண்ணிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு ஊரிலும் தினம் இரண்டு தடவை, வேர்க்கடலைத் தோலை உடைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக, அவள் கத்திக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் விழுகிறான்.

தங்கள் ஊர்க் கோட்டை என்பதால் ஊரில் படம் இரண்டாவது வாரமும் ஓடியது. கொட்டகையில் படம் ஓட்டுகிற சபத்தீனோ, குவிரீனோவோடு சீட்டாடி வளர்ந்தவன். சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார், பிரதியில் கைவைத்தால் தன்னைக் கம்பி எண்ணவைப்பார்கள் என்று அவன் தயங்கினான்.

"வெட்ட வேண்டாம். அந்த எடத்துல சத்தத்த மட்டும் நிறுத்து."

"இங்க நிறுத்திட்டா போதுமா அண்ணி? மத்த ஊர்லல்லாம் கேக்குமே."

"மத்த ஊர்ல அவரத் தெரியாது. இங்க இருக்கிறவன் பூராவும் அவரோட சாப்பிட்டவன். கேட்டுட்டு விசிலடிக்கிறான்."

 சபத்தீனோவும் கம்பெனியின் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன்தான். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். நடிகை விளக்கை ஏந்திச் சுழல்படியில் ஏறினாள். இசை உச்சத்துக்குப் போய் வெட்டென்று நின்றது. நடிகையின் வாய் திறந்தது. அதிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண்கள் பிதுங்க, கரையில் போட்ட மீனைப்போல அந்தப் பெரிய முகம் காற்றைக் கடித்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு விசில், பெஞ்சில் கால் உதைக்கும் ஓசை. சத்தம் எங்கே என்று பின்னாலிருந்து ஒருவன் கூவினான்.

டெல்ஃபினா எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் தலை திரையை மறைத்தது.

"அது என்னோட சத்தம். கோபுரத்துல என் புருஷன் விழுந்தப்போ நான் போட்டது. தரமாட்டேன்."

கால்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி வரிசையில் ஒரு கால் மட்டும் இன்னும் இரண்டு தடவை உதைத்துவிட்டு நின்றது. மேலே சபத்தீனோ சத்தத்தைத் திரும்ப வைக்கவில்லை. அவள் உட்காரவுமில்லை. அவளுக்குப் பின்னால் நடிகை வெறுங்காலோடு நீண்ட நடைக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். கதவுகள் ஓசையில்லாமல் அறைந்து மூடின. எந்திரம் கடகடத்துச் சுற்றுவது மட்டும் கேட்டது. ரொட்டிக்கடைக்காரி மடியிலிருந்த கடலைப் பொட்டலத்தின் வாயை இரு கைகளாலும் மடித்து மூடிக்கொண்டிருந்தாள்.