அக்காவின் பாலத்துக்கு ஒரு பேட்ச்

பதினான்கு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழவிடாத அக்கா, பணிமனைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "விரலுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருங்க, விளையாட்டு மாதிரி" என்றார் பிசியோதெரபிஸ்ட். அக்கா அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். தபால் படகு ஓட்டும் பழைய வீடியோ கேம் ஒன்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் கட்டத்தில் மாட்டிக்கொண்டாள். அங்கே ஒரு தூக்குப்பாலம் திறந்து, இரண்டே நொடியில் மூடிக்கொள்ளும். அதற்குள் மூன்று பொத்தான்களை வரிசையாக அழுத்தினால்தான் படகு கடக்கும்.

"எத்தனை நெரிசல்ல பஸ்ஸ நுழைச்சிருக்கேன். இந்தப் பொம்மைப் பாலத்துகிட்ட தோத்துட்டேன்டா" என்று தம்பியிடம் போனில் சொன்னாள்.

தம்பி வேறு ஊரில், எடை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன். அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தோற்றுவிட்டேன் என்று அவள் வாயிலிருந்து அவன் அதுவரை கேட்டதில்லை. அவனும் அந்த விளையாட்டை வாங்கினான். அதன் கோப்பைத் திறந்து இரண்டு நாள் துருவினான். விளையாட்டின் கடிகாரம் நொடிக்கு அறுபது முறை துடித்தது. இரண்டு நொடிக்கு நூற்றிருபது. அந்த 120 ஒரே ஒரு பைட்டில், கோப்பின் மிகச்சிறிய ஓர் அறையில், உட்கார்ந்திருந்தது.

ஞாயிறு காலை போனிலேயே வழி சொன்னான். இத்தனையாவது இடத்துக்குப் போ, அங்கே 240 என்று மாற்று, சேமி. அக்கா இடது கையால் தட்டி முடித்தாள். விளையாட்டு திறந்தது. படகு தலைகீழாக வானத்தில் போய் நின்றது.

"ஏன்டா, தபாலை மேலோகத்துக்கா கொண்டுபோகணும்?"

அவளிடம் இருந்தது முந்தைய வெர்ஷன். அதே இடத்தில் அவளுக்கு வேறு எதற்கோ உரிய எண் இருந்திருக்கிறது. கோப்பை முதலில் நகல் எடுத்துவைக்கச் சொல்லவும் அவன் மறந்திருந்தான். மறுபடி நிறுவியபோது அவள் கஷ்டப்பட்டுக் கடந்த இரண்டு கட்டங்களும் அழிந்துபோயின.

"பரவால்ல, முதல்லேர்ந்து ஆடுறேன். எனக்கென்ன வேற வேலையா இருக்கு" என்றாள்.

அவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவசரக் குடுக்கை என்று தன்னையே திட்டிக்கொண்டு கோப்பில் ஒட்டுப்போடும் ஒரு சின்னக் கருவி, அதாவது ஒரு 'பேட்ச்', எழுத உட்கார்ந்தான். கருவி முதலில் விளையாட்டின் கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்கும். பிறகு 120-ஐத் தேடும். எத்தனையாவது இடம் என்று எண்ணி அல்ல, அதன் இருபுறமும் இருக்கும் எண்களை வைத்து.

"கதவு நம்பர் மாறினாலும் பக்கத்து வீட்டுக்காரங்க மாறலக்கா. அவங்களை வச்சுக் கண்டுபிடிச்சிரும்" என்று விளக்கினான்.

"அவங்களும் வீடு மாத்திட்டுப் போயிருந்தா?"

"கை வைக்காம திரும்பி வந்துரும்."

அந்த வாரம் அனுப்பிய கருவியை அக்கா வேண்டுமென்றே கணினியிலிருந்த ஒரு புகைப்படக் கோப்பின் மேல் ஏவிப் பார்த்தாள். 'பைட் வரிசை பொருந்தவில்லை' என்று வந்தது.

"இது யாருக்குடா புரியும்? நடுரோட்டுல நின்ன பஸ்ல பயணிகிட்ட இப்படிப் பேசினா அடிப்பாங்க. என்ன ஆச்சு, பயப்படணுமா வேணாமா, ரெண்டையும் சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்: 'இது நான் தேடிய கோப்பு இல்லை. எதையும் தொடவில்லை.' கருவியிலேயே அவனுக்கு மிகவும் பிடித்த வரியாக அது ஆகிவிட்டது.

அடுத்து, பத்து நொடி வேண்டும் என்றாள்.

"ஒரு பைட்ல 255க்கு மேல ஏறாதுக்கா. நாலு நொடியும் கொசுறும்தான்."

"கொசுறையும் சேர்த்தே போடு."

255-ல், ஆறாவது முயற்சியில் படகு கடந்தது. அக்கா போனில் கத்தவில்லை. "போயிருச்சுடா" என்று மட்டும் மெல்லச் சொன்னாள். தம்பி "ம்" என்றான்.

120-க்குப் பதிலாக வைக்கவேண்டிய எண்ணை அவன் கருவிக்குள் புதைக்காமல், பக்கத்தில் ஒரு சிறு குறிப்புக் கோப்பில் விட்டுவைத்திருந்தான். அக்கா அதைத் திறந்து 240 என்று திருத்தினாள். கருவி பழைய நகலிலிருந்தே மீண்டும் தொடங்கி, சரியாக மாற்றிக் கொடுத்தது. இரண்டு வாரத்தில் 200. பிறகு 170. பிசியோதெரபிஸ்டிடம் விரல்களைக் காட்டும்போதெல்லாம் இந்தக் கணக்கையும் ஒப்பித்தாள். ஒருநாள் கருவியே இல்லாமல், மூல விளையாட்டிலேயே தாண்டினாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், தம்பிக்கு ஒரு குறிப்புக் கோப்பு வந்தது. அதில் 90 என்று இருந்தது, ஒன்றரை நொடிதான். கீழே ஒரு வரி: 'ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு உனக்கு? தாண்டிக் காட்டு.'

பதினோரு முறை தண்ணீரில் விழுந்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். பணிமனையில் அவளுக்கு இடைவேளை.

"முடியலக்கா."

"எனக்கும்தான் முடியல. நாலு நாளா விழுந்துக்கிட்டிருக்கேன். சரி, நூறு வச்சுப் பார்ப்போமா?"