நீலத்தவளைக் கப்பல்

பூரணி தன் வாசகர்களில் ஒருவரையும் நேரில் கண்டதில்லை. ஆனால் அவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள், வந்து எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். காலையில் அச்சகத்துக்குள் நுழைந்ததும் கைப்பையை வைப்பதற்கு முன்பே கணினியைப் போட்டு வருகைக் கணக்கைத் திறந்துவிடுவாள்.

அச்சகம் திருகோணமலையில், உட்துறைமுக வீதியில் இருந்தது. அங்கே அவளுக்கு எழுத்துக் கோக்கிற வேலை. சண்டை மறுபடி தொடங்கிய பிறகு கலியாணக் கார்டுகள் குறைந்து, செத்தவர்களின் நினைவாக அடிக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகங்கள் கூடியிருந்தன. அவற்றை அச்சகங்களில் வழங்கும் பாமினி எழுத்துருவில் தட்டி முடித்துவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது யுனிகோடுக்கு மாறித் தன் வலைப்பதிவை எழுதுவாள். 'தேடினால் கிடைக்கும்' என்று அதற்குப் பெயர். கூகுளும் யாகூவும் எம்.எஸ்.என்னும் ஒன்றையொன்று முந்தப் பார்த்துக்கொண்டிருந்த 2007ஆம் ஆண்டு அது. ஓர் இணையப் பக்கம் அந்தத் தேடல்களில் மேலே வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. டொரண்டோவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர்களும் லண்டனில் நகைக்கடை வைத்திருந்தவர்களும் அவள் எழுதுவதைத் தேடி வந்து வாசித்தார்கள்.

அவளுக்கு ஒரேயொரு தலையிடி இருந்தது. 'கடற்காகம்' என்ற பெயரில் இன்னொரு ஆள் இதே விஷயத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

திருகோணமலை என்று முழுப்பெயரை எழுதினால்தான் தேடலில் அகப்படும் என்று பூரணி ஒரு பதிவு போட்டாள். "ஆர் முழுசா தட்டுறாங்க? சனம் திருமலை எண்டுதான் தேடுது. உங்கட வருகைக் கணக்கைப் பாருங்கோ" என்று கடற்காகம் பின்னூட்டம் எழுதியது. பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளுக்குச் சாப்பாட்டில் மனம் போகவில்லை.

கடற்காகம் ஓர் ஆண் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். தன்னுடைய ஊர் ஆள்தான் என்றும் சந்தேகம் இருந்தது. அதன் வருகை இலங்கை என்றுதான் கணக்கில் பதிந்தது; ஆனால் பட்டணத்தில் ஹர்த்தால் நடந்த நாட்களில் மட்டும் கடற்காகம் வராது. வெள்ளிக்கிழமை மத்தியானத்திலும் வராது. வங்கியில் வேலை செய்யும் ஆளாக இருக்கலாம் என்று நினைத்து, காசுக் கவுண்டருக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரரைக் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தாள். அவர் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கியதும், வங்கிப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

அந்த ஆண்டு நடுப்பகுதியில், சிங்கப்பூரில் இணைய நிறுவனம் நடத்திய தமிழர் ஒருவர் வலைப்பதிவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார். உலகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு சொல்லை அவர் தருவார். ஒரு மாதம் கழித்து அந்தச் சொல்லைத் தேடினால் யாருடைய பக்கம் முதலில் வருகிறதோ, அவருக்குத் தன் வாடிக்கையாளர்களின் பக்கங்களைத் தமிழில் எழுதும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். அவர் தந்த சொல், 'நீலத்தவளைக் கப்பல்'.

பூரணிக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அச்சகத்துக்குக் கடதாசி வருவதே இழுபறியாகிவிட்டது. முதலாளி சிவகுருநாதன் நல்ல மனிதர். ஆனால் கொஞ்ச நாளாக அவளைக் காணும்போதெல்லாம், "பிள்ளை, உனக்கு வேற இடத்தில ஏதும் வேலை கிடைச்சாச் சொல்லு, நான் குறை நினைக்கமாட்டன்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அதன் அர்த்தம் அவளுக்கு விளங்கியது.

அவள் நீலத்தவளைக் கப்பலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். கப்பலுக்கு ஒரு படமும் வரைந்து போட்டாள். தெரிந்த பதிவர்களிடம் எல்லாம் கெஞ்சி அவர்களுடைய பக்கங்களிலிருந்து இணைப்புக் கொடுக்கச் செய்தாள். அப்படியும் கடற்காகம் முன்னுக்கு நின்றது. அது எழுதியது ஒரு கதை. கடலில் நின்ற பாழ்க்கப்பல் ஒன்றில் தவளைகள் குடியேறி, கப்பலுக்கு நீலச் சாயம் பூசிய கதை. வாசித்தவர்கள் கேளாமலே அதற்கு இணைப்புக் கொடுத்தார்கள். பூரணியும் வாசித்துச் சிரித்தாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

அன்றைக்கே அவள் ஒரு குறுக்குவழியில் இறங்கினாள். பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில், வெள்ளை எழுத்தில், நீலத்தவளைக் கப்பல் நீலத்தவளைக் கப்பல் என்று வரிவரியாக ஒட்டிவிட்டாள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். இரண்டு நாளில் அவளுடைய பக்கம் மேலே போய்விட்டது.

கடற்காகம் ஒரு பின்னூட்டம் எழுதியது. "அடியில உள்ள வெள்ளை எழுத்தை எடுத்துவிடுங்கோ. கூகுள் கண்டுபிடிச்சா பக்கத்தையே தூக்கிவிடும். நல்லதுக்குச் சொல்றன்."

"பொறாமை" என்று சொல்லிக்கொண்டே பூரணி அதை அழித்தாள்.

போட்டி முடியும் நாள் வந்தது. அன்று மாலை சிங்கப்பூர்க்காரர் தேடிப் பார்ப்பார். காலையிலிருந்து பூரணியின் வீதியில் தொலைபேசி இணைப்பே இல்லை. துறைமுகப் பக்கம் படையினர் தேடுதல் நடத்துவதாகக் கதை அடிபட்டது. மின்சாரம் மட்டும் இருந்தது. கடைசியாகச் சில திருத்தங்கள் செய்ய வேண்டும் என்று அவளுக்குக் கை துடித்தது. போய்ப் பார்த்துத் திருத்துவதற்காக, கணினியில் சேமித்து வைத்திருந்த பக்கத்தை அச்சடித்து, அவசரத்தில் அப்படியே மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். என்.சி. வீதியில் லாபிர் என்பவர் நெட் கடை வைத்திருந்தார். அவருடைய இணைப்பு வேறு பக்கத்தால் வருவது. அங்கே போய்த் திருத்திவிடலாம்.

"ஐயா, ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன்."

"சென்றியில சனம் வரிசையில நிக்குதாம். கவனமாப் போ பிள்ளை" என்றார் சிவகுருநாதன்.

சந்தியில் இருந்த காவலரணில் பெண்களுக்குத் தனி வரிசை. சீருடையில் இருந்த பெண் கைப்பையைத் திறந்து, சீப்பு, அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிறகு அந்தத் தாளை விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றாள்.

பூரணி எட்டிப் பார்த்தாள். திரையில் தெரியாத வெள்ளை எழுத்து, தாளில் கறுப்பாக விழுந்திருந்தது. கப்பல், கப்பல், கப்பல் என்று அடிவரைக்கும் நிறைந்து கிடந்தது. மேலே அவள் கையால் வரைந்த கப்பல் படம் வேறு. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தேடுதல் நடக்கும் நாளில், அவளுடைய கைப்பைக்குள்.

தமிழ் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த ஓர் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் விரலை வைத்து வாசித்தார். "கப்... பல்." நிமிர்ந்து பார்த்தார். "என்ன கப்பல்?"

"நீலத்தவளைக் கப்பல்" என்றாள் பூரணி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமாக ஒலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"எங்க இருக்கு?"

"இல்லை சேர். அப்பிடி ஒரு கப்பல் இல்லை. அது இன்ரநெற்றில மட்டும்தான்."

அவர் அவளை ஒரு பக்கமாகப் போய் நிற்கச் சொன்னார். அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் தேடுபொறியை விளங்கப்படுத்த ஏலாது. தமிழில் விளங்கப்படுத்தவே அவளுக்கு இரண்டு வருடம் பிடித்திருந்தது.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் தலையை நீட்டி அந்தத் தாளைப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும், முக்காடு போட்டிருந்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. பிறகு வரிசையை விட்டு நேரே அதிகாரியிடம் வந்து, தட்டுத்தடங்கல் இல்லாத சிங்களத்தில் பேசினாள். நடுவில் கூகுள் என்று ஒரு சொல் பூரணியின் காதில் விழுந்தது. அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தப் பெண் பூரணியிடம் திரும்பினாள். "பயப்படாதீங்க. இது ஒரு போட்டி, நானும் இதிலதான் இரிக்கன் எண்டு சொல்லிட்டன். கண்ணால பாத்தாத்தான் நம்புவாராம். லாபிர் நானாட கடைக்குப் போவம்."

"நீங்கள் ஆர்?"

"ரபீக்கா. கடற்காகம் எண்டால்தான் ஒங்களுக்குத் தெரியும்." தாளின் அடிப்பகுதியைக் காட்டினாள். "இதத்தானே நான் எடுக்கச் சொன்னன்."



லாபிரின் கடையில் இருந்த இரண்டு பெடியன்கள் அதிகாரியைக் கண்டதும் எழும்பிப் போய்விட்டார்கள். ரபீக்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூகுளில் சொல்லைத் தட்டினாள். முதலாவதாக வந்தது அவளுடைய கதை. தவளைகள் சாயம் பூசும் இடத்தை அவள் சிங்களத்தில் சொல்ல, அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் அவர் விடவில்லை.

"இது உன்னுடையது. அவளுடையது எங்கே?" என்று கேட்டார்.

ரபீக்கா கீழே போனாள். அடுத்த பக்கத்துக்குப் போனாள். அதற்கடுத்த பக்கத்துக்கும் போனாள். பூரணியின் பக்கம் எங்கேயும் இல்லை. முந்தின நாள் வரை மேலே நின்றது, இப்போது அடியோடு காணாமற் போயிருந்தது. கூகுள் கண்டுபிடித்துவிட்டது. அதிகாரி கையில் இருந்த தாளை மறுபடி விரித்தார்.

"அப்படியென்றால் இது இன்டர்நெட்டில் இல்லையே, நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துச் சொன்னார்.

போட்டி, வேலை, அச்சகம் எல்லாம் பூரணியின் தலையை விட்டுப் போயின. அந்தப் பக்கம் எங்காவது இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் இருந்தது.

"யாகூ," என்றாள். "யாகூவில பாருங்கோ. அது இன்னும் கண்டுபிடிச்சிருக்காது."

ரபீக்கா யாகூவைத் திறந்தாள். இணைப்பு மெதுவாக அசைந்தது. லாபிர் விசிறியை நிறுத்தினார். அதனால் வேகம் கூடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முதலாவது வரியில் 'தேடினால் கிடைக்கும்'. திறந்தால் அதே படம், அதே எழுத்து. ரபீக்கா அடியில் இருந்த வெற்றிடத்தைச் சுட்டெலியால் இழுத்துக் காட்டினாள். ஒளிந்திருந்த கப்பல்கள் எல்லாம் வெளியே வந்தன. அதிகாரி தாளையும் திரையையும் ஒத்துப் பார்த்தார்.

"எதற்காக ஒளித்து வைத்தாய்?"

"முதலாவதா வரத்தான் சேர்" என்றாள் பூரணி. ரபீக்கா மொழிபெயர்த்தாள்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். தாளை அவளிடம் கொடுத்தார். போகப் புறப்பட்டவர் நின்று, தயங்கி, தன் பெயரைத் தட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். ரபீக்கா தட்டினாள். அதே பெயரில் ஒரு பல் வைத்தியர் வந்தார், ஒரு கிரிக்கெட் விளையாட்டுக்காரர் வந்தார், அவர் வரவில்லை. சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே போனார்.

லாபிர் இரண்டு பேருக்கும் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார்.

"நான் உங்கட பின்னூட்டத்தை அழிச்சனான்" என்றாள் பூரணி.

"தெரியும். பாத்துட்டுத்தான் இரிந்தன்."

"என்னைப் பற்றி கூகுளுக்கு நீங்கள் எழுதினனீங்களோ?"

"இல்ல. எழுத நினைச்சா எழுதி இரிக்கலாம்." ரபீக்கா சீனியை நாக்கில் வைத்துத் தேநீரை உறிஞ்சினாள். "நீங்க இல்லாட்டி நான் ஆரோட சண்டை பிடிக்கிற? மூதூர்ல கம்பியூட்டர் கிளாஸ் நடத்தினன். போன வருஷம் சண்டையோட எல்லாம் போச்சு. கந்தளாயில முகாம்ல இரிந்துட்டு, இஞ்ச சாச்சி வீட்டுக்கு வந்தன். பகல்ல செய்ய ஒண்டுமில்ல. அந்தக் காலத்தில தற்செயலா ஒங்கட பதிவு அம்பிட்டுது. பிழையா எழுதி இரிந்தீங்க. அந்த ஆத்திரத்திலதான் நானும் எழுதத் தொடங்கினன்."

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. "நான் உங்களை வங்கியில தேடினன்" என்று அந்தக் கண்ணாடிக்காரரின் கதையைச் சொன்னாள். ரபீக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லாபிரும் மேசைக்குப் பின்னால் திரும்பி நின்று சிரித்தார்.

மாலையில் முடிவு வந்தது. எந்தத் தேடுபொறி என்று தான் சொல்ல மறந்துவிட்டதாகச் சிங்கப்பூர்க்காரர் எழுதியிருந்தார். அதனால் மூன்றிலும் பார்த்தாராம். கூகுளில் கடற்காகம், யாகூவில் தேடினால் கிடைக்கும். எம்.எஸ்.என்னில் முதலாவதாக வந்தது, "நீலத்தவளைக் கப்பல் என்றால் என்ன, யாராவது சொல்லுங்களேன்" என்று ஓர் இணைய மன்றத்தில் கேட்டிருந்த ஜெர்மனித் தமிழர் ஒருவர். அவர் போட்டியில் சேரவேயில்லை. கடைசியில், சனம் கூடுதலாகத் தேடுவது கூகுளில்தான் என்று சொல்லி, ரபீக்காவுக்கே வேலையைக் கொடுத்தார்.

பூரணி இரண்டு நாள் மனம் நொந்து இருந்தாள். பிறகு வெள்ளை எழுத்தை நீக்கினாள். தன் பக்கம் எப்படிக் காணாமற் போனது என்பதை ஒன்றும் மறைக்காமல் ஒரு பதிவாக எழுதினாள். காவலரணை மட்டும் விட்டுவிட்டாள். அதுவரை அவள் எழுதிய எதற்கும் வராத கூட்டம் அதற்கு வந்தது.

ஒரு மாதத்துக்குள் ரபீக்கா, குடாவுக்கு அக்கரையில் இருந்த மூதூருக்குத் திரும்ப வேண்டி வந்தது. சனம் குடியேறிக்கொண்டிருந்தது, வீட்டைப் பார்க்காமல் இருக்க ஏலாது. அங்கே தொலைபேசிக் கம்பி இன்னும் சரியாகவில்லை. அவள் போவதற்கு முன் அச்சகத்துக்கு வந்தாள். சிவகுருநாதன் கதிரையைத் துடைத்துக் கொடுத்தார்.

"நான் எழுதுவன், அனுப்ப வழியில்ல" என்றாள் ரபீக்கா. "இஞ்ச இரிந்து பாக்க ஒரு ஆள் வேணும். எந்தச் சொல்லுக்குச் சனம் வருது, எங்க நிண்டு திரும்பிப் போகுது எண்டு பாக்கிறதில ஒங்களத்தான் எனக்குத் தெரியும். சிங்கப்பூர்க்காரருக்கு எழுதிட்டன். ரெண்டு பேர் எண்டால் நல்லது எண்டு சொல்றார்."

"நான் வெள்ளை எழுத்து ஒட்டினால்?"

"லோஞ்ச் ஏறி வந்து அடிப்பன்."

முதலில் கிடைத்த வேலை, சிங்கப்பூரில் உள்ள ஒரு மரத்தளபாடக் கடையின் பக்கம். இரண்டு பேரும் சிங்கப்பூரைக் கண்டதில்லை. ரபீக்கா மூதூரில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் சோபாவைப் பற்றி எழுதி, குடாவைக் கடக்கும் லோஞ்ச் படகில் வரும் ஆட்களிடம் கொடுத்துவிடுவாள். பூரணி அதைத் தட்டி ஏற்றி, வருகைக் கணக்கைப் பார்த்து, "அலுமாரிப் பக்கத்துக்கு வந்த ஆட்கள் உடன திரும்பிப் போகினம், வேற மாதிரி எழுதுங்கோ" என்று திருப்பி அனுப்புவாள்.

ஒரு சனிக்கிழமை அவளே லோஞ்ச் ஏறினாள். சண்டை தொடங்கிய பிறகு அவள் குடாவைக் கடப்பது அதுதான் முதல் தடவை. கடல் அமைதியாக இருந்தது. மூதூர் இறங்குதுறையில் ரபீக்கா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அலுமாரிக்கு என்ன குறை?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"விலையை அடியில போட்டிருக்கிறீங்கள். மேல கொண்டு வாங்கோ."

"மேல போட்டா ஆரு கீழ வாசிப்பாங்க?"

அந்தச் சண்டை வீடு போய்ச் சேரும் வரைக்கும் ஓயவில்லை. கூரையில் பாதிக்குப் புதிய தகரம் போட்டிருந்தது. ரபீக்கா மீன் பொரித்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் பாயில் இருந்து சாப்பிட்டார்கள்.