வாதுமை சிவக்கும் மாதம்

...செத்துத்தான் போயிருக்கும் என்று இவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள், இலை சிவந்தால் போதும், பூங்கா அலுவலகத்துக்கு போன் பறக்கிறது, வெட்டுங்கள், காரின்மேல் விழும் என்று, குளிர் வந்தால் வாதுமை சிவக்கும், இலவு இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாய் நின்று பூக்கும், தொண்டை வற்றச் சொல்லியாயிற்று, செவிடன் காதில் ஊதின சங்கு... வெட்டலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை, மரத்துக்குச் சொல்லிவிடலாம், ஆஸ்பத்திரியில் கேட்டார்களே, அதற்கு என்ன சொல்வது? மூளை போய்விட்டதம்மா, இப்போது ஓடுவது மெஷினின் மூச்சு, நிறுத்தலாமா, வீட்டில் பேசி நாளைச் சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றார் டாக்டர் நேற்று. வீட்டில் யாரோடு பேச? பேசுகிற மனுஷன்தான் அங்கே படுத்துக் கிடக்கிறாரே. மாமியார் வேறு, "முகத்துல களை வந்துருச்சு பாரும்மா, என் பிள்ளை எழுந்துருவான்" என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள், பச்சை போனபிறகுதான் இலைக்கு அந்தச் சிவப்பு வருகிறது, அதைப் போய் பெற்றவளிடம் பாடமா நடத்த முடியும்?

"என்ன மேடம், பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுங்க, ஆள் ரெடியா இருக்கு" என்கிறார் வாசலில் வாதுமை நிற்கிற வீட்டின் சொந்தக்காரர். "சாகலை சார், குளிருக்கு இப்படித்தான் இருக்கும்." "எதை வெச்சுச் சொல்றீங்க?" எதை வைத்து... சின்னக் கிளையில் நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும், ஒரு நொடி வேலை, எத்தனையோ மரத்தில் செய்தது, இன்றைக்குக் கை ஏன் எழும்ப மாட்டேன் என்கிறது? "நீங்களே கீறிப் பாருங்க சார்" என்றாள். அவர் கார்ச் சாவியால் சுரண்டினார், "அட, பச்சையாத்தான் இருக்கு" என்றார் ஏமாற்றத்தோடு, அவளுக்கோ மரத்தின்மேல் பொல்லாத கோபம் வந்தது, உனக்கு மட்டும் இருக்கிறதே என்று... நேற்று உடம்பு துடைக்கிறேன் என்று நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு கணவருடைய உள்ளங்காலை நகத்தால் கீறினாள், அங்கே விரல் பட்டாலே கூச்சம் தாங்காமல் வீடு அதிரச் சிரிப்பவர், தோல் உரிகிறமட்டும் கீறினாள், கால் அப்படியே கிடந்தது, போர்வையை இழுத்து மூடிவிட்டு மாமியாரிடம் தூங்குகிறார் அத்தை என்றாள், டாக்டரிடம் யோசிக்க வேண்டும் என்றாள்... யோசிக்க அதில் என்ன இருந்தது? வேறு யாராவது நிறுத்துங்கள் என்று சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் அவள் காலையிலிருந்து தெருத்தெருவாக நடந்துகொண்டிருக்கிறாள்.