நாலு விரல் பாசி

“சார், அந்த மீன்தொட்டித் தண்ணி எனக்கு ஒரு பாட்டில் வேணும். வெளி லேபுக்கு அனுப்பணும்.”

அட்மின் மேனேஜர் ராஜ்குமார் பேனாவைக் கீழே வைத்தார். இதை மட்டும் கேட்காதே என்று, நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா சொல்லியிருந்தாள். “சம்பளம் கேளு, லீவு கேளு. அந்தத் தொட்டிப் பேச்சு மட்டும் எடுக்காத. உங்கப்பன் போனதுக்கு இரக்கப்பட்டுக் குடுத்த வேலை.”

தொட்டி ரிசப்ஷனில் இருக்கிறது. கம்பெனிக் கழிவுநீரைச் சுத்தம் செய்து அதில் விடுவார்கள். மீன் நீந்துவதைப் பார்த்து, வருகிற அதிகாரிகள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பிரஸ் மிஷினில் மோதிர விரலைக் கொடுத்த பிறகு என் அப்பா முனிவேலுக்கு அந்தத் தொட்டியைத்தான் ‘லேசான வேலை’ என்று கொடுத்தார்கள். போன வருஷம் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிச் செத்தார். ஈரல் போய்விட்டது. குடித்தே செத்தான் என்றது ஊர். அவர் சாராயத்தைத் தொட்டதே இல்லை என்று அம்மா அழுதபோது, தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த பெரியப்பா, “சரி சரி, நம்பறோம்” என்று சிரித்தார். பிணத்தை இன்னும் எடுக்கக்கூட இல்லை.

நான் தாவரவியல் படித்தவள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இங்கே கழிவுநீர் லேபில் வேலை. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ரிசப்ஷன் வழியாகப் போகமாட்டேன். கேன்டீனைச் சுற்றிக்கொண்டு போவேன். காரணம் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடி. அங்கே கருநீலப் பச்சையில் ஒரு பாசி. துடைத்தால் மறுநாளே அதே இடத்தில் நிற்கும். உள்ளங்கை மாதிரி. மோதிர விரல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி.

நேற்று கேன்டீன் பக்கம் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்ததால் வேறு வழியில்லை. அப்பாவுக்குப் பிறகு தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆஞ்சப்பன் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். ஓஸின் ஒரு முனை தொட்டிக்குள், மறுமுனை அவர் வாயில். உறிஞ்சினார், இருமினார், பக்கெட்டில் துப்பினார்.

“மாமா, வாய்லயா இழுப்பீங்க?”

“பின்ன? உங்கப்பன் கத்துக்குடுத்தது பாப்பா. பாதி உள்ள போயிரும். ‘மீனுக்கு முன்னாடி நாமதான்டா டேஸ்ட் பாக்கணும்’பான்.”

அந்தப் பாசியின் ஓரத்தைச் சுரண்டினேன். சாதாரணப் பச்சைப்பாசி மாவாக உதிரும், இல்லையென்றால் நார்நாராக வரும். இது தோல் மாதிரி உரிந்தது. கிணற்றுச் சேற்று வாடை. லேபுக்குக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மெல்லிய இழைகள். மற்றதெல்லாம் அசையாமல் கிடக்க, அவை மட்டும் மெதுவாக ஆடின, எதையோ தடவித் தேடுவதுபோல. நீலப்பச்சைப் பாசி. இதில் சில வகை ஈரலைத் தின்னும் விஷம் கக்கும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த வருஷம்தான் அப்பா இதைக் குடித்துக்கொண்டிருந்தார்.

இன்று இதையெல்லாம் சொன்னதும் ராஜ்குமார் சிரித்தார். “பாசிதானம்மா? பிளீச்சிங் போட்டுக் கழுவச் சொல்றேன்.”

“கழுவிட்டா டெஸ்ட்டுக்கு என்ன சார் இருக்கும்?”

“உங்கப்பா நல்ல மனுஷன். ஆனா அந்தப் பழக்கம்...”

“எந்தப் பழக்கம்? வாயத் தொறந்து சொல்லுங்க.”

அவர் ஏசியைப் பார்த்தார். “வெளி லேபுக்குப் போச்சுன்னா உனக்கு வேலை இல்ல. தங்கச்சி படிக்குது, யோசி.”

“எங்கப்பா எதுல செத்தாருன்னு ஒரு பாட்டில் தண்ணி சொல்லாது சார், தெரியும். ஆனா ஆஞ்சப்பன் மாமா இன்னும் வாய வெக்கிறாரு.”

அவர் போனை எடுத்தார். “ஆஞ்சப்பா, தொட்டிய இப்பவே காலி பண்ணு.”

ஓடினேன். ஆஞ்சப்பன் ஓஸை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். பிடுங்கி எறிந்தேன். பையிலிருந்த பாட்டிலை எடுத்து நீருக்குள் அமுக்கி நிரப்பினேன். பின்பக்கக் கண்ணாடிக்குக் கையை நீட்டினேன். என் உள்ளங்கை அந்த உள்ளங்கைமேல் அப்படியே பொருந்தியது. சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. உரித்துப் பாட்டிலில் போட்டு மூடினேன்.

“வேல போயிரும் பாப்பா.”

“போச்சு மாமா. நீங்க இனிமே வாய வெக்காதீங்க.”

ஐடி கார்டைக் கழற்றித் தொட்டிமேல் வைத்தேன். கேட்டில் செக்யூரிட்டி என் பையைத் திறந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது?”

“எங்கப்பன்.”

சட்டென்று அதைப் பைக்குள் வைத்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்தார். நான் வெளியே நடந்தேன்.