இரண்டாவது படகு

சர்க்கரை வருவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாலும் நான் சாமியாரைத்தான் விசாரிப்பேன் என்று என் மனைவி ஆரோக்கியசெல்வி கேலி செய்வாள். செய்யட்டும். ஏமாந்தவன் என்று பேர் வாங்குவதைவிட இந்தப் பேர் தேவலை.

ஒரே ஒரு தடவைதான் அசந்தேன், நீலகண்டனிடம். நாங்கள் இருவரும் சேர்ந்து ‘கலங்கரை வீடியோ’ நடத்தினோம். சென்னைக் கம்பெனியிடம் படங்களின் வீடியோ உரிமை வாங்கி, கேசட் போட்டுக் கடைகளுக்கு விநியோகம் செய்கிற வேலை. உரிமை காரைக்காலுக்கு மட்டும்தான். எங்கள் லோகோ உள்ள கேசட் ஒன்று வாஞ்சூர் எல்லையைத் தாண்டினாலும் ஒப்பந்தம் ரத்து.

அந்த லோகோ ஒன்பது விநாடி. இருட்டுக் கடல், கரையில் கலங்கரை விளக்கம், சுற்றி வரும் வெளிச்சம் பட்டதும் தங்க எழுத்தில் எங்கள் பெயர். கீழே ஒரு படகு ஆடிக்கொண்டே போகும். காரைக்காலில் அந்த ஒன்பது விநாடியை ஓட்டிவிடாமல் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

காரணம் உண்டு. லோகோ செய்ய நான் மட்டும்தான் சென்னைக்குப் போனேன். அங்கே யாருக்கும் சொல்லாமல் இரண்டு விதமாகச் செய்து வாங்கினேன். நீலகண்டன் கொண்டுபோகும் கேசட்டுகளில் ஒரு படகு, நான் டவுனில் போடும் கேசட்டுகளில் இரண்டு. தெற்கே பட்டினம், போலகம் என்று எல்லையோர ஊர்களெல்லாம் அவன் லைன். அங்கிருந்து எல்லை கூப்பிடு தூரம். நாளைக்கு ஒரு கேசட் வெளியே போனால் யார் வழியாகப் போனது என்று தெரிய வேண்டாமா?

தொண்ணூற்றொன்பதில் போனது. நாகப்பட்டினத்தில் ஒரு வாடகைக் கடையில் எங்கள் கேசட்டைப் பிடித்துவிட்டதாகச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. கடையை இழுத்து மூடினோம். நான் நீலகண்டனை நடுரோட்டில் வைத்துத் திருடன் என்றேன். அவன் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

“அந்தக் கேசட்ட வரவழைச்சு ஒரு தடவ போட்டுப் பாத்துடு மைக்கேலு.”

நாள் கடத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அவன் சொந்த ஊரான அம்பகரத்தூருக்கே போய் வயலைப் பார்த்துக்கொண்டான். இருபத்தாறு வருஷம் முகத்தில் முழிக்கவில்லை.

போன வாரம் நாகப்பட்டினத்திலிருந்து சிவராமன் என்று ஒருவர் போன் செய்தார். அவர் அண்ணன் மகனுக்கு நீலகண்டனின் மகள் இளவேனிலைப் பேசியிருக்கிறார்களாம். பெண் பிடித்துவிட்டது, ஜாதகமும் பொருந்திவிட்டது. குடும்பம் எப்படி என்று நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம்தானே, கூடத் தொழில் செய்தவர் என்பதால் கேட்கிறேன் என்றார். நான் நல்லவன் மாதிரி, “நான் எதுவும் சொல்லக்கூடாதுங்க. கூட இருந்தே குழி பறிச்ச ஆளு, அவ்வளவுதான்” என்றேன். போனை வைத்த பிறகு சோறு நன்றாக இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரில் பேசலாம் என்று நேற்றுக் காலை சிவராமன் காரில் வந்தார். அவர் செருப்பைக் கழற்றும்போதே இவர் எதையோ கறக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. ஆனால் மனிதர் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். அவர் மகனுக்குப் பழைய வீடியோ கேசட்டுகளின் லோகோவைத் தேடிப் பிடித்து நெட்டில் போடுவது பொழுதுபோக்காம். நாகப்பட்டினத்துப் பழைய சாமான் கடையில் எங்கள் கேசட் ஒன்று கிடைத்ததாம், வாடகைக் கடை ஸ்டிக்கரோடு.

இருபத்தாறு வருஷம் கழித்துச் சாட்சி என் வீட்டுக் கூடத்துக்கே வந்திருக்கிறது. ஒற்றைப் படகைக் காட்டி இவர் முன்னாலேயே கணக்கை முடித்துவிடலாம்.

இருட்டுக் கடல் வந்தது. வெளிச்சம் சுற்றியது. ஒரு படகு வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் இரண்டு. இதிலும் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று, கேசட்டின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. காபி கொண்டுவந்த ஆரோக்கியசெல்வி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இது என் கையெழுத்துல்ல? ஜோவிதா கல்யாணத்துக்கு நீங்க குடுத்த கேசட்டுங்க.”

லேபிளில் படத்தின் பெயருக்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை. கடைச் சீட்டு எழுதினாலும் மேலே சிலுவை போட்டுத்தான் அவள் எழுதுவாள். ஜோவிதா என் தங்கை. கடையை மூடுவதற்கு முந்தின வருஷம் நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்தோம். சீர் லாரியில் கட்டில், பீரோ, டிவி, டெக்கோடு பன்னிரண்டு கேசட்டையும் நான்தான் என் கையால் அடுக்கி ஏற்றினேன். எல்லைச் சோதனையில் சாராயப் பாட்டில் இருக்கிறதா என்று பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். தங்கச்சிக்குக் கொடுத்தது எல்லை தாண்டிப் போனதாக எனக்குத் தோன்றவே இல்லை. சீர் வேறு, சரக்கு வேறு என்றுதானே இருந்தேன். பார்த்து முடித்த கேசட்டுகளை மாப்பிள்ளை பக்கத்து வாடகைக் கடையில் கொடுத்திருப்பார், அங்கேதான் பிடித்திருக்கிறார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. சிவராமனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படகு இரண்டு விதம் என்றேன், இது என் கேசட் என்றேன், நீலகண்டன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

அவர் காபியைக் குடிக்காமல் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பால்காரனை நான் பார்க்கிற பார்வை.

“போன வாரம் ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நடுவுல நீலகண்டன் வந்து பாத்தாரா?”

மாதா மேல் சத்தியம் செய்தேன், நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஆரோக்கியசெல்விக்கே படகு விஷயம் தெரியாது. என்னிடம் இருந்த கேசட்டையெல்லாம் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பையில் போட்டாயிற்று. ஒற்றைப் படகு ஒன்று இருந்தது என்று காட்ட ஊரில் ஓர் ஆதாரம் கிடையாது. மிச்சமிருந்தால் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும்.

“அம்பகரத்தூருக்குப் போவோம் வாங்க” என்றேன். நானும் அவனும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோமா என்று பார்க்கத்தான் அவர் வந்தார். வழியில் நான் போனை எடுக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நானே போனை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

நீலகண்டன் வாசலில் நெல் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. காரிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்ததும் நின்றான். சிவராமன் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவரை மட்டும் கும்பிட்டான்.

கேசட் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். வேறு என்னவோ வந்தது.

“நம்ம லோகோவுல எத்தன படகு, நீலகண்டா?”

அவன் காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டான்.

“எதுல? என்னோட கேசட்டுலயா, உன்னோட கேசட்டுலயா?”

சிவராமன் தன் சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். எப்போது தெரியும் என்று கேட்டேன். கேசட் வந்த முதல் நாளே தெரியும் என்றான்.

“அப்பவே ஏண்டா சொல்லல?”

“நீ என்னைய சந்தேகப்பட்டுப் படகு எண்ணி வச்சிருக்கேன்னு தெரிஞ்சப்புறம் சொல்றதுக்கு என்னடா இருக்கு? அதான் போட்டுப் பாருன்னேன். நீ பாக்கல.”

திரும்பி, மறுபடியும் நெல்லைக் கிளற ஆரம்பித்தான்.